ஆன்லைன் நோட்டரி: அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வீடு வாங்குபவர்கள், விற்பவர்கள், பிள்ளைகளுக்காக அங்கே ஏதோ ஒரு பத்திரத்தில் கையெழுத்திட வேண்டிய பெற்றோர், அங்கிருந்து இந்தியச் சொத்துக்குப் பவர் அனுப்ப நினைப்பவர்கள் ஆகியோருக்காக எழுதியது இது. ஒவ்வொருவர் நிலைமையும் வேறு. பெரிய தொகையோ சொத்தோ சம்பந்தப்பட்டிருந்தால், அந்த மாநிலத்து வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆன்லைன் நோட்டரி என்றால் என்ன?

நோட்டரியின் வேலை அடிப்படையில் மூன்றுதான். முன்னால் நிற்பவர் இன்னார்தான் என்று உறுதி செய்வது. அவர் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், புரிந்துதான் கையெழுத்திடுகிறாரா என்று பார்ப்பது. பார்த்ததைச் சான்றாக எழுதி முத்திரை வைப்பது. இதற்குக் கையெழுத்திடுபவர் நோட்டரியின் முன் நேரில் தோன்ற வேண்டும் என்பதே பழைய விதி. ஆன்லைன் நோட்டரிச் சட்டங்கள் அந்த விதியைத் தூக்கி எறியவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, கேட்டு, அந்த நேரத்திலேயே பேசக்கூடிய வீடியோ இணைப்பில் தோன்றினால் அதுவும் நேரில் தோன்றியதாகவே கொள்ளப்படும் என்று விரிவுபடுத்தின. ஆவணம், கையெழுத்து, நோட்டரியின் முத்திரை எல்லாமே மின்னணு வடிவில் இருக்கும்.

ஜூமில் பேசிக்கொண்டே காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பினால் போதாதா?

பொதுவாகப் போதாது. பலர் குழம்புவது இங்கேதான். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது நியூயார்க் உட்படப் பல மாநில ஆளுநர்கள் அவசர ஆணை போட்டு, சாதாரண வீடியோ அழைப்பில் பார்த்துக் காகிதத்தில் முத்திரை வைக்க அனுமதித்தார்கள். அந்த ஆணைகளில் பெரும்பாலானவை காலாவதியாகிவிட்டன. "போன தடவை அப்படித்தானே செய்தோம்" என்று இன்று செய்தால் பத்திரம் செல்லாமல் போகலாம்.

நிரந்தரச் சட்டம் கேட்பது அதைவிட அதிகம். அடையாள அட்டையை மென்பொருள் சோதிக்க வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு ஆவணத்தில் ஒரு எழுத்து மாறினாலும் தெரிந்துவிடும்படி அது பூட்டப்பட வேண்டும். முழு உரையாடலும் ஒலி-ஒளியாகப் பதிவாக வேண்டும். இதற்கென்றே கட்டிய தளங்களில்தான் நோட்டரிகள் இந்த வேலையைச் செய்கிறார்கள். பல மாநிலங்களில், எந்தத் தளத்தைப் பயன்படுத்தப் போகிறேன் என்று நோட்டரி முன்கூட்டியே அரசுக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். நோட்டரியின் எதிரிலேயே உட்கார்ந்து, காகிதத்துக்குப் பதில் டேப்லெட்டில் கையெழுத்திடுவதும் மின்னணு நோட்டரிதான்; ஆனால் ஆன்லைன் நோட்டரி அல்ல. அதற்கான விதிகள் வேறு.

இது எப்போது சட்டமானது?

முதலில் வர்ஜீனியா. 2011-இல் சட்டம் இயற்றி, 2012 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2015-இல் மொன்டானா, 2017-இல் டெக்சாஸும் நெவாடாவும் பின்தொடர்ந்தன. ஃபுளோரிடா சட்டம் 2020 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்தது. நியூயார்க் அவசர ஆணைகளை விட்டுவிட்டு, 2023 ஜனவரி 31 முதல் நிரந்தரச் சட்டத்துக்கு வந்தது. இப்போது 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் நிரந்தரச் சட்டம் இருக்கிறது.

நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் கிடையாதா?

கிடையாது. நோட்டரிகளை நியமிப்பதும் ஒழுங்குபடுத்துவதும் மாநிலங்களின் அதிகாரம். 2000-ஆம் ஆண்டின் கூட்டாட்சி மின்னணுக் கையொப்பச் சட்டம், மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கையெழுத்தையோ நோட்டரிச் சான்றையோ தள்ளிவிடக் கூடாது என்கிறது. ஆனால் வீடியோவில் தோன்றுவது நேரில் தோன்றியதாகுமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. அந்தப் பதிலை மாநிலச் சட்டம்தான் தர வேண்டும்.

இதை நாடு முழுவதற்கும் பொதுவாக்கும் மசோதா ஒன்றைப் பிரதிநிதிகள் சபை 2022-இலும் 2023-இலும் நிறைவேற்றியது. இரண்டு முறையும் செனட்டைத் தாண்டவில்லை. மாநிலச் சட்டங்கள் ஓரளவு ஒத்திருப்பதற்கு, மாநிலங்களுக்கு மாதிரிச் சட்டங்கள் எழுதித் தரும் சீர்மைச் சட்ட ஆணையம் 2018-இல் தன் மாதிரி நோட்டரிச் சட்டத்தைத் திருத்தியதும் ஒரு காரணம். பல மாநிலங்கள் அதைத் தழுவியே எழுதியிருக்கின்றன.

நான் ஒரு மாநிலத்தில், நோட்டரி இன்னொரு மாநிலத்தில், வீடு மூன்றாவது மாநிலத்தில். யாருடைய சட்டம் செல்லும்?

நோட்டரி உட்கார்ந்திருக்கும் மாநிலத்தின் சட்டம். இந்தத் துறையில் ஒரே ஒரு விதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் பதவி பெற்ற ஆன்லைன் நோட்டரி, அந்த நேரத்தில் டெக்சாஸ் எல்லைக்குள் உடலோடு இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் கையெழுத்திடுபவர் ஒஹையோவில் இருக்கலாம், ஓரிகானில் இருக்கலாம். விடுமுறைக்கு வேறு மாநிலம் போன டெக்சாஸ் நோட்டரி, அங்கிருந்து மடிக்கணினியைத் திறந்து முத்திரை வைக்க முடியாது.

வீடு இருக்கும் மாநிலம் இதை ஏற்குமா? வெளிமாநில நோட்டரி, தன் மாநிலச் சட்டப்படி சரியாகச் செய்த சான்றை உள்ளூர் நோட்டரி செய்ததாகவே கருத வேண்டும் என்ற விதி ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் வெகுகாலமாக இருக்கிறது. ஆன்லைன் சான்றுகள் மாநில எல்லையைத் தாண்டுவது அந்த விதியின் தோளில் ஏறித்தான்.

ஆனால் சட்டம் ஏற்பது வேறு, ஆவணத்தைக் கேட்டவர் ஏற்பது வேறு. வங்கி, சொத்துரிமைக் காப்பீட்டு நிறுவனம் (வாங்கும் வீட்டின் உரிமையில் வில்லங்கம் வந்தால் இழப்பீடு தருவது), ஓய்வூதிய நிதி எல்லாம் தங்கள் உள்விதியைக் காட்டி மறுக்கலாம். அதனால் நோட்டரியைத் தேடும் முன்பே, ஆவணம் போய்ச் சேரும் இடத்தில் "ஆன்லைன் நோட்டரி ஏற்பீர்களா?" என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். எனக்கு வழி உண்டா?

உண்டு, சுற்றுவழியாக. 2023 செப்டம்பரில் ஆளுநர் கையெழுத்திட்ட சட்டம் கலிஃபோர்னிய நோட்டரிகளுக்கும் ஆன்லைன் அனுமதி தருகிறது. ஆனால் மாநில அரசு அதற்கான தொழில்நுட்ப ஏற்பாட்டை முடித்த பிறகுதான் முழுமையாக நடைமுறைக்கு வரும். அதற்கான கடைசிக் கெடு 2030 ஜனவரி 1. அதுவரை, கலிஃபோர்னியாவில் இருந்தபடியே வர்ஜீனியா அல்லது ஃபுளோரிடா நோட்டரியிடம் வீடியோவில் தோன்றலாம். அந்த மாநிலச் சட்டப்படி பெற்ற ஒப்புதல் சான்றைக் கலிஃபோர்னியா ஏற்கிறது.

இவ்வளவு பெரிய தொழில்நுட்ப மாநிலம் இத்தனை காலம் தள்ளிப்போடுவது சரியல்ல என்பது என் கருத்து. படுக்கையில் இருக்கும் முதியவர், சிறு குழந்தையோடு தனியாக இருக்கும் தாய் போன்றவர்களுக்குத்தான் இந்தத் தாமதம் சுமையாகிறது.

அடையாளத்தை எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

நேரில் போனால் நோட்டரி ஓட்டுநர் உரிமத்தை வாங்கி, முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டுவிட்டுத் திருப்பித் தருவார். ஆன்லைனில் சோதனை பல அடுக்காக நடக்கிறது. முதலில் உங்கள் அடையாள அட்டையின் இரு பக்கமும் படமெடுத்து அனுப்ப வேண்டும். அதன் பாதுகாப்புக் குறிகள், எழுத்துரு, பட்டைக்குறியில் உள்ள விவரம் எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று மென்பொருள் பார்க்கும். பிறகு பல மாநிலங்களில் கேள்வி-பதில் சோதனை. உங்கள் கடன் வரலாறு, பொதுப் பதிவேடுகள் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 5 கேள்விகள் வரும்: கீழ்க்காணும் முகவரிகளில் எதில் குடியிருந்தீர்கள், எந்த வங்கியில் வீட்டுக்கடன் வாங்கினீர்கள் என்பது போல. ஃபுளோரிடா விதிப்படி 2 நிமிடத்துக்குள் 80 சதவீதம் சரியாகச் சொல்ல வேண்டும். கடைசியாக நோட்டரி தன் கண்ணால் வீடியோவில் முகத்தையும் அட்டையையும் ஒப்பிடுவார்.

நோட்டரிக்கு உங்களை ஏற்கனவே நேரில் நன்றாகத் தெரியும் என்றால், பல மாநிலங்களில் இந்தச் சோதனைகள் தேவையில்லை. நம்பகமான சாட்சி ஒருவர் சத்தியம் செய்து உங்களை அடையாளம் காட்டவும் பல மாநிலங்கள் வழி விட்டிருக்கின்றன.

கேள்வி-பதில் சோதனையில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. தரவுத் திருட்டுகளில் வெளியான விவரங்களைக் கையில் வைத்திருக்கும் மோசடிக்காரர் அதைத் தாண்டிவிடலாம். பத்து வருடத்துக்கு முன் குடியிருந்த வீட்டின் கதவு எண்ணை மறந்த உண்மையான ஆள் தோற்றுவிடலாம். முகத்தை உயிரளவையால் (பயோமெட்ரிக்) ஒப்பிடும் முறையைப் பல மாநிலங்கள் மாற்றாக அனுமதிக்கின்றன. திருடிய முகவரிப் பட்டியலை வைத்து அதை ஏமாற்ற முடியாது என்பதால், இரண்டில் அதுவே மேல்.

பெற்றோர் இந்தியாவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அமெரிக்க சமூகப் பாதுகாப்பு எண் கிடையாது. அவர்கள் கையெழுத்திட முடியுமா?

சட்டத்தில் வழி இருக்கிறது, நடைமுறையில்தான் முட்டுக்கட்டை.

மாதிரிச் சட்டம், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவரும் ஆன்லைனில் தோன்றலாம் என்கிறது. நிபந்தனை இரண்டு. ஒன்று, ஆவணம் அமெரிக்காவோடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும்: அங்குள்ள நீதிமன்றத்திலோ அரசு அலுவலகத்திலோ தாக்கல் செய்வதாக, அங்குள்ள சொத்தைப் பற்றியதாக, அல்லது அங்கு நடக்கும் பரிவர்த்தனையைச் சார்ந்ததாக. இரண்டு, கையெழுத்திடுபவர் இருக்கும் நாடு அப்படிக் கையெழுத்திடுவதைத் தடை செய்திருப்பதாக நோட்டரிக்குத் தெரிந்திருக்கக் கூடாது. மகன் பெயரிலும் அப்பா பெயரிலும் உள்ள நியூஜெர்சி வீட்டை விற்கும் பத்திரம் முதல் நிபந்தனைக்குள் வந்துவிடும்.

முட்டுக்கட்டை அடையாளச் சோதனையில் வருகிறது. அமெரிக்கக் கடன் வரலாறு இல்லாதவருக்குக் கேட்க அந்த மென்பொருளிடம் கேள்வியே இருக்காது. ஆகவே முன்பதிவு செய்வதற்கு முன் தளத்திடம் இதைக் கேளுங்கள்: இந்தியக் கடவுச்சீட்டை ஏற்பீர்களா, கேள்வி-பதிலுக்குப் பதில் உயிரளவைச் சோதனை உண்டா, சாட்சி வழி உண்டா? மூன்றுக்கும் இல்லை என்றால் வேறு தளம், வேறு மாநில நோட்டரி என்று பாருங்கள்.

எதுவும் சரிவராவிட்டால் பழைய வழி திறந்தே இருக்கிறது. இந்தியாவிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகங்கள் முன்பதிவின் பேரில் நோட்டரிச் சேவை தருகின்றன. ஒரு முத்திரைக்கு 50 டாலர். அமெரிக்க ஆவணம் என்றால் இந்தியக் குடிமக்களும் போகலாம்.

அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து நான் மொழிபெயர்க்கலாமா?

கூடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நோட்டரியும் கையெழுத்திடுபவரும் நேரடியாகப் பேசிக்கொள்ள வேண்டும் என்று பல மாநிலங்கள் எதிர்பார்க்கின்றன. சில மட்டும் மொழிபெயர்ப்பாளரை அனுமதிக்கின்றன. அங்கேயும் அந்தப் பத்திரத்தால் பயனடையும் மகனோ மகளோ மொழிபெயர்ப்பது பின்னால் வழக்குக்குக் காரணமாகும். தமிழ் பேசும் நோட்டரிகள் அமெரிக்காவில் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் ஆன்லைன் அனுமதி பெற்ற ஒருவரைத் தேடிப் பிடிப்பது நல்லது.

ஃபுளோரிடாவில் உயில், பவர், மருத்துவ முன்னறிவுறுத்தல் (பேச முடியாத நிலை வந்தால் என்ன சிகிச்சை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது) போன்ற ஆவணங்களுக்குக் கூடுதலாகச் சில கேள்விகள் கேட்கப்படும்: முடிவெடுக்கும் திறனைக் குறைக்கும் மருந்தோ மதுவோ உட்கொண்டிருக்கிறீர்களா, அன்றாடப் பராமரிப்புக்கு உதவி தேவைப்படுகிறதா, அறையில் வேறு யார் இருக்கிறார்கள்? பிள்ளைகளுக்கு இது அவமதிப்பாகத் தோன்றலாம். ஆனால் கேமராவின் பார்வைக்கு வெளியே நின்று ஒருவர் முதியவரை மிரட்டினால் நோட்டரிக்குத் தெரிய வேறு வழியில்லை. இந்தக் கேள்விகளை எல்லா மாநிலங்களும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

உயிலை ஆன்லைனில் எழுதி முடிக்கலாமா?

மிகுந்த கவனம் தேவை. கூட்டாட்சி மின்னணுக் கையொப்பச் சட்டம் உயில்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. எனவே அந்தந்த மாநிலம் மின்னணு உயிலைத் தனியாக அனுமதித்திருக்க வேண்டும். நெவாடா 2001-இலேயே அனுமதித்தது. ஃபுளோரிடா 2020 ஜூலையில். அனுமதிக்காத மாநிலங்கள் இன்னும் பல.

உயில் செல்வதற்குப் பெரும்பாலான மாநிலங்களில் இரண்டு சாட்சிகள்தான் முக்கியம், நோட்டரி கட்டாயமில்லை. சாட்சிகளைப் பிற்பாடு நீதிமன்றத்துக்கு அழைக்காமல் உயிலை மெய்ப்பிக்க உதவும் இணைப்புப் பிரமாணப் பத்திரத்துக்குத்தான் நோட்டரி வேண்டும். நடக்க முடிந்தவர் காகிதத்தில், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதிவிடுவதே இன்றைய நிலையில் பாதுகாப்பு.

வீட்டுக் கிரயத்துக்கும் வீட்டுக்கடனுக்கும்?

ஆன்லைன் நோட்டரி மிக அதிகமாக வேரூன்றியது இங்கேதான். வீட்டுக்கடன்களை வாங்கிச் சேர்க்கும் ஃபேனி மே, ஃபிரெடி மேக் இரண்டும் நிபந்தனைகளோடு இதை ஏற்கின்றன. கேட்க வேண்டிய இடங்கள் மூன்று: கடன் தரும் வங்கி, சொத்துரிமைக் காப்பீட்டு நிறுவனம், கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) பதிவு அலுவலகம். மின்னணுப் பத்திரத்தைப் பதிவு செய்யும் வசதி எல்லாக் கவுண்டிகளிலும் இல்லை. இல்லாத இடங்களுக்காக, மின்னணுப் பத்திரத்தை அச்சிட்டு, அது மூலத்தின் உண்மை நகல் என்று நோட்டரி சான்றளிக்கும் வழியைப் பல மாநிலங்கள் சட்டத்தில் சேர்த்திருக்கின்றன.

இந்தியாவிலுள்ள சொத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஆன்லைன் நோட்டரி வழியாகப் பவர் கொடுக்கலாமா?

வேண்டாம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 33-ஆம் பிரிவு, இந்தியாவில் வசிக்காதவர் தரும் பவர் நோட்டரி, நீதிமன்றம், நீதிபதி, இந்தியத் தூதரக அதிகாரி போன்றோர் முன்னிலையில் எழுதிக் கொடுத்து உறுதிப்படுத்தப்பட வேண்டும் என்கிறது. வீடியோவில் தோன்றுவதை முன்னிலையாகக் கருதும் விதி இந்தியாவில் இல்லை. போதாததற்கு, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பவர் பத்திரங்களை மின்னணு அங்கீகாரத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. 2022-இல் வந்த திருத்தம் வங்கி, காப்பீடு போன்ற ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனங்களுக்கு அதிகாரம் தரும் பவர்களுக்கு மட்டுமே கதவைத் திறந்தது. அண்ணனுக்கோ மாமாவுக்கோ தரும் பவருக்கு அல்ல.

காகிதத்தில் எழுதுங்கள். உள்ளூர் நோட்டரி முன் நேரில் கையெழுத்திட்டு அப்போஸ்டில் (அந்த நோட்டரி உண்மையானவர் என்று வெளிநாடுகளுக்காக அரசு தரும் சான்று) வாங்குங்கள், அல்லது இந்தியத் தூதரகத்தில் சான்று பெறுங்கள். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும்.

ஆன்லைன் நோட்டரி ஆவணத்துக்கு அப்போஸ்டில் கிடைக்குமா?

கிடைக்கும், நோட்டரியை நியமித்த மாநிலத்தில். நீங்கள் நியூயார்க்கில் இருந்து வர்ஜீனியா நோட்டரியிடம் செய்திருந்தால் வர்ஜீனியாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மின்னணு அப்போஸ்டில் தரும் மாநிலங்களும் உண்டு, சான்றளித்த அச்சுப்பிரதி கேட்பவையும் உண்டு. அப்போஸ்டில் நோட்டரியின் பதவியையும் கையொப்பத்தையும் மட்டுமே உறுதி செய்கிறது. உள்ளே இருக்கும் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் அதனால் வராது.

நோட்டரியிடமே பத்திரத்தைப் பற்றி ஆலோசனை கேட்கலாமா?

இந்தியாவில் நோட்டரி என்றால் பல ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர். அமெரிக்காவில் அப்படியல்ல, பெரும்பாலான நோட்டரிகள் சட்டம் படித்தவர்கள் அல்லர். வழக்கறிஞராக இல்லாத நோட்டரி பத்திரத்தை விளக்குவதோ எந்த வகைச் சான்று வேண்டும் என்று உங்களுக்காக முடிவு செய்வதோ சட்டவிரோதம். நல்ல நோட்டரி அதற்கு மறுத்துவிடுவார்.

அந்த வீடியோப் பதிவு என்ன ஆகும்?

டெக்சாஸ், வர்ஜீனியா மாநிலங்களில் குறைந்தது 5 ஆண்டு. ஃபுளோரிடாவிலும் நியூயார்க்கிலும் 10 ஆண்டு பாதுகாக்க வேண்டும். மாதிரிச் சட்டமும் 10 ஆண்டு என்கிறது.

அந்தரங்கம் போகிறதே என்ற கவலை நியாயமானது. தளம் உங்கள் படத்தையும் விவரங்களையும் வேறு எதற்குப் பயன்படுத்தும் என்பதைப் படித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். ஆனாலும் இந்தச் சட்டங்களில் மிகச் சிறந்த அம்சம் இந்தப் பதிவுதான் என்று நம்புகிறேன். காகித நோட்டரியில், "அது என் கையெழுத்தே இல்லை" என்று ஒருவர் சொன்னால் மிஞ்சுவது ஒரு மையும் முத்திரையும், நோட்டரியின் நினைவும்தான். இங்கே கையெழுத்திட்டவரின் முகம், குரல், தயக்கம் எல்லாம் நீதிபதி பார்க்கும்படி இருக்கின்றன.

மோசடிக்கு இது வசதி செய்து தரவில்லையா?

மோசடி நடக்கிறது. அதிகம் குறிவைக்கப்படுவது உரிமையாளர் தூரத்தில் இருக்கும் காலி மனைகள். போலி அட்டையோடு ஒருவர் உரிமையாளராக நடித்து விற்றுவிடுகிறார். காகித நோட்டரியிலும் இதே மோசடி உண்டு. ஆன்லைனில் திருடர் தன் முகத்தைக் கேமராவில் விட்டுப் போக வேண்டியிருக்கிறது. கணினியில் உருவாக்கும் போலி முகங்கள் இந்த அனுகூலத்தையும் அரித்துவருகின்றன. அமெரிக்காவில் காலி மனை வைத்திருந்தால், உங்கள் பெயரில் ஏதாவது பத்திரம் பதிவானால் தகவல் அனுப்பும் இலவச எச்சரிக்கைச் சேவை அந்தக் கவுண்டியில் இருக்கிறதா என்று பார்த்துச் சேர்ந்துவிடுங்கள். பல கவுண்டிகளில் இருக்கிறது.

எவ்வளவு செலவாகும்?

உச்சவரம்பை மாநிலம் நிர்ணயிக்கிறது. வர்ஜீனியா, ஃபுளோரிடா, நியூயார்க் மூன்றிலும் ஒரு மின்னணுச் சான்றுக்கு 25 டாலர். நியூயார்க்கில் நேரில் போனால் 2 டாலர்தான். ஒரே ஆவணத்தில் மூன்று பேர் கையெழுத்திட்டால் மூன்று சான்றாகக் கணக்கிடப்படலாம். தளக் கட்டணம் தனியாகவும் வரலாம். மொத்தத் தொகையை முதலிலேயே கேளுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஏற்க மறுத்தால்?

மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "ஆன்லைன் என்பதால்" என்று மட்டும் சொன்னால், சான்றில் உள்ள மாநிலம், நோட்டரியின் பதவி எண், தொலைத்தொடர்பு வழியாகத் தோன்றியதாகக் குறிக்கும் வாசகம் ஆகியவற்றைக் காட்டி, வெளிமாநிலச் சான்றை ஏற்கும் விதியை மேற்கோளிட்டு அவர்களது சட்டப் பிரிவுக்கு எழுதலாம். பல சமயம் முகப்பு ஊழியருக்கு மட்டும்தான் விதி தெரிந்திருக்காது. அந்த வாசகம் சான்றில் விடுபட்டிருந்தால் தவறு நோட்டரியுடையது. அவரிடமே திரும்பப் போங்கள். இன்னொன்று: மின்னணு மூலக் கோப்பையே அனுப்புங்கள். அச்சிட்டு ஸ்கேன் செய்த படத்தில் ஆவணத்தின் பூட்டும் நோட்டரியின் எண்மக் கையொப்பமும் இருக்காது. அதைப் பார்த்து மறுத்தால் அவர்கள் மீது குறை சொல்ல முடியாது.